அடிச்சுற்று

கிர்ர்ர்ர் என்று ஒரு சத்தம், நாற்பது வருடத்துக்கு முன்னால் கேட்டது. கல்யாணமாகி ஒன்பதாம் நாள், கடலுக்குள் நீளும் கற்சுவரின் கடைசிக் கல்லில், புதுச்சேலை கசங்கிவிடாமல் குத்தவைத்து உட்கார்ந்திருந்த ஹில்டாவின் காதருகே அது திடீரென்று எழுந்தது. வண்டு ஏதோ காதுக்குள் புகுந்துவிட்டது என்று தலையை உதறினாள். உதறிய வேகத்தில் கொண்டையிலிருந்த பிச்சிச்சரம் கழன்று தண்ணீரில் விழுந்தது. அதைக் கவனித்திருக்க வேண்டிய புதுமாப்பிள்ளையோ தூண்டில் கம்பை வயிற்றில் முட்டுக்கொடுத்து, முகமெல்லாம் பல்லாக, ரீல் பாடுது பார், ரீல் பாடுது பார் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். யாரிடமோ என்ன, அவளிடம்தான். ஆனால் ஒரு மனிதர் நம்மிடம்தான் பேசுகிறார் என்பது ஒன்பது நாளில் பழகிவிடுமா. நூலை மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது ரீலுக்குள்ளிருந்து வருகிற சத்தம் அது என்று பிறகு சொன்னார். அந்த ரீல்தான் இப்போது அவள் மடியில் இருக்கிறது. போலந்துக் கப்பல் சமையல்காரன் ஒருவன் இரண்டு தார் வாழைப்பழத்துக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டுப் போனது. பச்சைப் பெயின்ட் உரிந்து, ஓரமெல்லாம் உப்பு தின்று, ஆனால் உள்ளே பல்சக்கரம் ஒன்றுகூட மழுங்காதது. இப்போது அது பாடவில்லை. டிக் டிக் டிக் என்று, கணக்கு டீச்சர் முன்னால் நிற்கிற பிள்ளைபோல அடக்கமாகச் சுற்றுகிறது.

மணி இரண்டரை. ஹில்டா ஜன்னலோரம் நாற்காலியில்; கம்பின் அடிப்பாதி மட்டும், ரீலோடு, மடியில்; ரீலிலிருந்து கிளம்பும் மஞ்சள் நைலான் தங்கூசி நரம்பு கம்பின் முதல் வளையத்துக்குள் நுழைந்து, கூடத்தைக் கடந்து, உள்ளறை வாசலில் தொங்கும் பூப்போட்ட திரையின் நடுப்பிளவில் மறைகிறது. திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் தொபியாஸ், நூல்கட்டைக்குள் பென்சிலைச் செருகி இடதுகையில் பிடித்தபடி. ஈரத்துணியை மடித்து, அதற்குள் நரம்பை வைத்து, வலதுகையின் இரண்டு விரலால் அவர் லேசாகக் கவ்விக் கொடுக்க வேண்டும். கவ்வு சரியாக இருந்தால்தான் சுற்று பாய் முடைந்ததுபோலப் படியும். தளர்ந்தால் வளையம் வளையமாக எழும்பிக்கொள்ளும், பிறகு அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து. இரண்டு பேர் வேலை. நாற்பது வருடமாக இரண்டு பேரும் செய்கிற வேலை. ஆனால் திரை போட்டுச் செய்வது இதுதான் முதல் தடவை. காற்று நூலை ஆட்டுதுளா, திரையை இழுத்துவிடு என்றார். ஜன்னல் இருப்பது இவள் பக்கம், காற்று வருவதும் இவள் பக்கம். திரை எந்தக் காற்றைத் தடுக்கும் என்று அவள் கேட்கவில்லை. நான்கு மணிக்கு அவள் தம்பி ரெமி வருவான். கம்பையும் ரீலையும் எடுத்துக்கொண்டு போவான். அவள்தான் போன வாரம் அவனைக் கூப்பிட்டுச் சொன்னாள், கண்ணெதிரே இருந்தால் இந்த மனிதர் ஒருநாள் நான் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கல்லுக்குக் கிளம்பிவிடுவார், நீ கொண்டுபோய்விடு என்று. சண்டை வரும் என்று மூன்று நாள் பயந்துகொண்டே இருந்துவிட்டுக் கணவரிடம் சொன்னபோது, சண்டை வரவில்லை. குடுக்கறதுன்னா வெறும் ரீலாக் குடுக்கக் கூடாது, நூல் சுத்தித்தான் குடுக்கணும், அவனுக்குச் சுத்தத் தெரியாது என்றார். அவ்வளவுதான். சண்டை வந்திருக்கலாம் என்று அன்றிலிருந்து அவளுக்கு இருக்கிறது.

"ஏளா ஹில்டா, தூங்கிட்டியா?"

"சுத்திக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க பிடிச்சிருக்கியளா?"

"பின்னே. விட்டுட்டு எங்க ஓடப்போறேன். எத்தனை ஆச்சு?"

"நாற்பது."

நாற்பது இல்லை, முப்பத்தேழோ முப்பத்தெட்டோ. அவள் செபமாலைக் கணக்கில் எண்ணுகிறாள், பத்துப் பத்தாக, ஐந்து பத்து ஒரு செபமாலை, நூற்றைம்பது சுற்றுக்கு மூன்று செபமாலை. இன்று திங்கட்கிழமை, சந்தோஷ தேவரகசியம். நல்லவேளை, வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தால் கைப்பிடி ஒவ்வொரு சுற்றுக்கும் சிலுவை சுமந்திருக்கும். மாதா மன்னிக்கட்டும். இந்த நூற்றைம்பது சுற்றும் அடிச்சுற்று. கடலையே பார்க்காத நூல். இதன்மேல்தான் ரெமி வாங்கி வந்திருக்கிற மெல்லிய பின்னல் நூல் வரும், அதுதான் வீசப்படும், நனையும், மீன் கடிக்கும். பின்னல் நூலை வெறும் உலோகத்தில் கட்டினால் பிடிமானம் இருக்காது. போன மாதம் ரெமி வந்து, அதெல்லாம் அந்தக் காலம் அத்தான், இப்ப நேராச் சுத்தலாம் என்று தானே சுற்றிக் காட்டினான். சுற்றி முடித்து, பார்த்தியளா என்று நூலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான். இருநூறு மீட்டர் நூலும் ஒரே உருண்டையாக, கிழவி கையில் வளையல்போல, ரீல்மேல் வழுக்கிச் சுற்றியது. நூல் ஓர் அங்குலம்கூட வெளியே வரவில்லை. தொபியாஸ் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கவாதம் வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். மாப்ளே, நீ மீன் பிடிக்க வேண்டாம், மீனுக்கு ராட்டினம் சுத்திக் காட்டு என்றார். ரெமியும் சிரித்தான், நல்ல பையன், ஐம்பத்தெட்டு வயதாகியும் பையன். அவனிடம் போய் இந்த ரீல் என்ன பாடுபடுமோ. கழுவுவானா. உப்போடு அப்படியே காரில் போட்டு வைப்பான். சரி, போட்டு வைக்கட்டும். ரீல் துருப்பிடித்தால் போகிறது, மனிதர் கல்லில் வழுக்கி விழாமல் இருந்தால் சரி. நாற்பத்தி... எத்தனை. நாற்பத்தி மூன்று என்று வைத்துக்கொள்வோம்.

விரலில் ஏதோ தெரிகிறது. கைப்பிடியைச் சுற்றும் இடதுகையில் இல்லை. நரம்பு ஒழுங்காகப் படிகிறதா என்று தொட்டுக்கொண்டிருக்கிற வலதுகை ஆட்காட்டி விரலில். நரம்பு விறைக்கிறது, தளர்கிறது, விறைக்கிறது, பிறகு சின்னதாக ஒரு துடிப்பு, மூடிய கைக்குள் மாட்டின வெட்டுக்கிளிபோல. அது அவர் கை. பத்தடி தள்ளி, திரைக்குப் பின்னால், யாரும் பார்க்கக் கூடாது என்று அவர் ஒளித்து வைத்திருக்கிற வலதுகை நரம்பு வழியாக நேரே இவள் விரலுக்கு வந்து சேர்கிறது. இதை அவர் யோசிக்கவில்லை பாவம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் அழைப்பை இணைக்கிற ட்ரங்க் போர்டு முன்னால் இருபத்திரண்டு வருடம் காதில் கருவி மாட்டி உட்கார்ந்தவளிடம் போய்க் கம்பியின் ஒரு முனையைக் கொடுத்துவிட்டு மறுமுனையில் ஒளிந்துகொள்ள முடியுமா. பேசுகிறவர் சொல்வதை ஒட்டுக் கேட்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் இணைப்பு விழுந்ததா என்று பார்க்க ஒரு நொடி கேட்டுத்தான் ஆக வேண்டும், அந்த ஒரு நொடியில் மூச்சு போதும். கல்யாணம் நின்றுபோனதைச் சொல்லப்போகிற மூச்சு, பரீட்சையில் தேறியதைச் சொல்லப்போகிற மூச்சு, எல்லாம் நல்லா இருக்கேன் என்று பொய் சொல்லப்போகிற மூச்சு. இந்த நரம்பும் இப்போது எல்லாம் நல்லா இருக்கேன் என்கிறது. விறைக்கிறது, தளர்கிறது. பாவம், என்ன பாடுபடுகிறது அந்த இரண்டு விரல். இந்தத் தங்கூசியை எறும்புகூட இழுத்துப் பிடிக்கும். அந்தக் கை துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டிய கை. தரையில் முட்டையை வைத்துவிட்டு அதன்மேல் பெட்டியை இறக்கச் சொல்லுங்க, முட்டையைத் தொட்டுக்கிட்டு நிக்கும், உடையாது என்று பெண் பார்க்க வந்த அன்றே அவள் அப்பாவிடம் சொன்னவர். அப்பா, முட்டையை எதுக்கு மருமகனே அங்க வைக்கணும் என்று கேட்டார்.

பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதற்கோ பயந்துகொண்டே வாழ்நாளைக் கழித்தாகிவிட்டது. நாற்பது வருடமும் அவளுக்குக் கல் மேல்தான் பயம். பாசி பிடித்த கல், அலை தூக்கி அடிக்கிற கல், இரண்டு கல்லுக்கு நடுவே ஆளை விழுங்குகிற சந்து. கல்லுக்குப் போயிட்டு வாரேன் என்று அவர் கிளம்புகிற ஒவ்வொரு விடியலிலும் ஒரு அருள் நிறைந்த மரியே. அப்படி எத்தனை ஆயிரம். வாதம் வந்தது எங்கே என்றால் வீட்டில், கை கழுவும் தொட்டி முன்னால், வாயில் பற்பசை நுரையோடு. பிரஷ் கீழே விழுந்த சத்தம் கேட்டது, இவர் பின்னாலேயே சரிந்தார். வழவழவென்று துடைத்த மொசைக் தரை, பாசி இல்லை, அலை இல்லை. மாதாவே, நான் கேட்டது வேற இடத்துக்கு, நீ காவல் நின்னது அந்த இடத்துல, சரிதான், குற்றம் சொல்ல முடியாது. பதினோரு மாதம் ஆகிறது. பேச்சு திரும்பிவிட்டது, நடை முக்கால்வாசி, வலதுகை மட்டும் தோளிலிருந்து வாங்கிக் கட்டிய சாமான்போல. கரண்டியால் இடதுகையில் சாப்பிடுகிறார், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு. பயிற்சி கொடுக்க வந்த பெண், நல்ல சிரித்த முகம், அங்கிள் நீங்க மீன் பிடிப்பீங்களாமே, அந்தக் கைப்பிடியை மறுபக்கம் மாத்திட்டு இடதுகையால கம்பைப் பிடிங்களேன், எங்க தாத்தாவும் அப்படித்தான் என்று ஏதோ நல்லது சொல்லப்போக, வீட்டுக்கு வந்த பிள்ளையைப் பார்த்து இவர் கத்திய கத்தல். சோத்துக் கையையும் மத்தக் கையையும் மாத்தச் சொல்லுதியா, நாளைக்கு சிலுவையையும் இடதுகையால போடச் சொல்லுவ. அந்தப் பெண் அடுத்த நாளும் வந்தது, சிரித்துக்கொண்டே; இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்மைவிட நல்லவர்கள். கைப்பிடி பற்றி மட்டும் பிறகு பேசவில்லை. ரீல் அலமாரிமேல் ஏறியது. பார்க்கும்போதெல்லாம் அதன் இடதுபக்கம் நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடி, யாரோ கைகுலுக்க நீட்டி, யாரும் வாங்காமல் விட்டதுபோல. ஐம்பத்தெட்டு. இல்லை. அறுபத்தெட்டு?

மஞ்சள் நரம்பு. ஏன் மஞ்சள் என்று ஒரு காலத்தில் கேட்டிருக்கிறாள். அடிச்சுற்று தெரிய ஆரம்பிச்சா நூல் முடியப்போகுதுன்னு கண்ணுக்குத் தெரியணும்ல என்றார். தெரிந்ததுண்டா? ஒரே ஒரு தடவை. மகள் வயிற்றில் எட்டு மாதம், மருத்துவர் நடக்கச் சொல்லியிருந்தார், கல்வரைக்கும் நடந்துபோனாள். எந்த மீன் என்று கடைசிவரை தெரியாத ஒரு மீன், நூல் முழுவதையும் உருவிக்கொண்டு போய், ரீலின் அடியில் மஞ்சள் தெரிந்தது. ஹில்டா மஞ்சள் தெரியுதுளா, மஞ்சள் தெரியுது என்று அவர் ஊரைக் கூட்ட, வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களெல்லாம் ஓடிவந்து சுற்றி நிற்க, விடு விடு என்று பாதிப் பேர், பிடி பிடி என்று பாதிப் பேர். முக்கால் மணி நேரம். கடைசியில் நூல் அறுந்தது. அறுந்தபோது அவர் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். திரும்பினால் அவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். என்ன ஓட்டம் ஓடினான் பார்த்தியா என்கிறார். போனவனைப் பற்றி அப்படிச் சந்தோஷமாகப் பேசுகிற ஆளை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான், கல்யாணமாகி நான்கு வருடம் கழித்து, சரி, இந்த மனிதர் பரவாயில்லை என்று தோன்றியது. அதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் அதற்கு முன்னால் என்ன தோன்றியது என்று கேட்பார்.

"நிறுத்து நிறுத்து!"

அவர் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. விரலுக்கு அடியில் நரம்பு செத்துப்போய் இரண்டு மூன்று வளையம் எழும்பி நிற்கிறது. துணி கீழே விழுந்த சத்தம், பென்சில் உருண்ட சத்தம். திரை அசைகிறது. எழுந்துபோய் விலக்கினால் தெரியும். எழவில்லை. இப்போது போகக் கூடாது. பல் தேய்க்கும் பிரஷ் விழுந்த சத்தத்துக்கு ஓடியதுபோல இந்தச் சத்தத்துக்கு ஓடினால், அவர் இனி எப்போதும் அவளை நேரே முகம் பார்க்க மாட்டார். அறுபதோ எழுபதோ சுற்று வீண். அதனால் என்ன, நரம்பு கெட்டுவிடவா போகிறது.

"என்ன, மீன் ஏதும் கடிச்சிட்டா?" என்று இங்கிருந்தே கேட்டாள்.

"பெரிய மீனு. கட்டிலுக்கடியில போயிட்டு" என்றார். குனிந்து எடுக்கிற முனகல். "இழுத்து அவுத்துவிடு, திருப்பி முதல்லருந்து."

"சரி."

"மணி என்ன?"

"மூணு அடிக்கப் போகுது. ரெமி நேரத்துக்கா வாரான். சுத்துங்க... நான் சுத்துறேன், நீங்க பிடிங்க."

அவிழ்த்தாள். தரையெல்லாம் மஞ்சள், அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே. இந்தத் தடவை நரம்பு வேறு மாதிரி வருகிறது. முதல் பத்தில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, விரலுக்குத்தான் புரிந்தது. விறைப்பும் தளர்வும் இல்லை. வெட்டுக்கிளி இல்லை. வீணைத் தந்தியைச் சரியாக முறுக்கி வைத்ததுபோல ஒரே சீராக, அதிகமும் இல்லாமல் குறைவும் இல்லாமல், அவள் வேகமாகச் சுற்றினால் நரம்பு கொடுக்கிறது, மெதுவாகச் சுற்றினால் காத்திருக்கிறது. சுற்றுகள் ஒன்றையொன்று ஒட்டிப் படிகின்றன. இருபது. முப்பது. கள்ளன். கள்ளன், கள்ளன். பென்சிலை முழங்காலுக்கு நடுவே செருகிக்கொண்டு இடதுகையால் பிடிக்கிறார். திரைக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல், கையை மாற்றிக்கொண்டுவிட்டார். சோத்துக் கை மத்தக் கை என்று அந்தப் பிள்ளையை விரட்டிய மனிதர். சிரிப்பு வந்தது, அடக்கினாள், சிரித்தால் நரம்பு வழியாகப் போய்விடும். எவ்வளவு நல்ல கை. இந்த இடதுகை எங்கே இருந்தது இத்தனை நாள்? கிரேன் கூண்டுக்குள் இரண்டு பிடி இருக்கும், வலதுகை கிரேனைத் திருப்பும், இடதுகைதான் பாரத்தை இறக்கும் என்று சொல்வாரே, முட்டைமேல் இறக்குவேன் என்று சொன்னாரே, அது இந்தக் கைதானே. அவர் மறந்துவிட்டார். அவளும்தான். பதினோரு மாதம் போன கைக்கு எண்ணெய் தேய்த்தே போயிற்று, இருக்கிற கையை யார் பார்த்தார்கள்.

இந்தக் கையைத்தான் ரெமியின் காருக்குள் தூக்கிப் போடப் போகிறாள் நான்கு மணிக்கு. இல்லை, ரீலைத்தான். ரீலைத்தான், ஆனால். கல் கல்லாகத்தான் இருக்கிறது, பாசியும் அப்படியே, முக்கால் நடை நடக்கிறவர் கல்மேல் எப்படி நிற்பார், விழுந்தால். விழுந்தால் என்று நினைக்கும்போதே கண்ணில் வருவது கல் இல்லை, மொசைக் தரை. எங்கேதான் விழ மாட்டார். சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிற முதுகு வருகிறது அடுத்து. அந்த முதுகை இன்னும் எத்தனை வருடம் பார்ப்பது. கடைசிக் கல்வரை போக வேண்டியதில்லை, முன்னால் சிமென்ட் தளம் போட்ட இடம் இருக்கிறதே, பிள்ளைகள் சைக்கிள் விடுகிற இடம், அங்கே நாற்காலி போடலாம். பெரிய மீன் வராது. மட்டமாக ஏதாவது வரும். வராவிட்டால்தான் என்ன, வராத நாளெல்லாம் அவர் முகம் கோணியதா. பயம் போகவில்லை. அது தன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது, எழுந்து போகச் சொன்னால் போகிற சாதி இல்லை. எழுபத்தொன்று, எழுபத்திரண்டு. கை நின்றது. அவள் நிறுத்தவில்லை, தானாக நின்றது.

"ஏன் நிக்குது?"

"இருங்க, ஒரு நிமிஷம்."

ரீலின் வலதுபக்கம் உள்ள சின்ன மூடியைத் திருகினாள். உப்பு இறுகி அசையவில்லை. சேலைத் தலைப்பைச் சுற்றிப் பல்லைக் கடித்துத் திருகினாள், கழன்றது. கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்ற அது நீளமான ஆணியோடு வெளியே வந்தது. இந்தப் பக்கம் இருந்ததை அந்தப் பக்கம் செருகி, அந்தப் பக்கம் இருந்த மூடியை இந்தப் பக்கம் மாட்டி. நாற்பது வருடத்தில் யாரும் தொடாத மரை, அழகாகப் போய் உட்கார்ந்தது. அந்தப் போலந்துக்காரன் எந்தக் கைக்காரனோ. எழுந்து, தரையில் கிடந்த நரம்பு காலில் சிக்காமல், கம்பைத் திரைக்குள் நீட்டினாள். முகத்தை நீட்டவில்லை.

"இந்தாங்க. எனக்குக் கை வலிக்குது. நீங்க சுத்துங்க, கட்டையை இங்க தாங்க, நான் பிடிக்கிறேன்."

கம்பை வாங்குகிற கை. வாங்கியது இடதுகை. நூல்கட்டை பென்சிலோடு திரைக்கு வெளியே வந்தது. பிறகு ரீலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிற சத்தம். அவள் எண்ணினாள், இந்த நேரத்தை எந்தச் செபமாலையில் சேர்ப்பது என்று தெரியாமல்.

"கைப்பிடி மாறியிருக்கு."

"ஆமா."

"எவன் மாத்துனான்?"

"நான்தான். நீங்க துணிக்குள்ள கையை மாத்துனியள்ல, அதுக்கு இது சரியாப் போச்சு."

கத்தப்போகிறார். கத்தட்டும், போன வாரமே கத்தியிருக்க வேண்டியது. "பார்த்தியா?" என்றார், குரல் சின்னதாக.

"பார்க்கல. நரம்பு சொல்லிச்சு. இருபத்திரண்டு வருஷம் எதுக்குச் சம்பளம் வாங்குனேன்."

திரைக்குப் பின்னால் ஏதோ ஒரு சத்தம், இருமலா சிரிப்பா தெரியவில்லை. கைப்பிடியின் குமிழில் வலதுகையைத் தூக்கி வைக்கிறார் போல; விரல் மூடாது, குமிழ் உள்ளங்கைக்குள் உட்கார்ந்தால் போதும். டிக். நீண்ட இடைவெளி. டிக். நரம்பு அவள் விரலிடுக்கில் அசைந்தது. டிக், டிக்.

"ஏளா, நான் ரீலைச் சுத்தல. ரீல்தான் என் கையைச் சுத்துது."

"சுத்தட்டும். அந்தப் பிள்ளை ரப்பர் பந்து குடுத்துச் செய்யச் சொல்லிச்சே, அதுக்கு இது மேல்."

அவள் திரையை விலக்கியது அப்போதுதான். அவர் திரும்பிச் சுவரைப் பார்க்கவில்லை. கம்பு இடதுகையில் சாய்ந்து வாகாக இருக்க, வலதுகை மேலே ஏறிக் கீழே இறங்கி, ராட்டினத்தில் உட்கார்ந்த குழந்தைபோல ரீலோடு சுற்றிக்கொண்டிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

நான்கே காலுக்கு ரெமி வந்தான். செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, காரை வெயில்ல நிப்பாட்டியிருக்கேன், எடுத்துட்டு ஓடணும். ரெடியா?" என்றான்.

"ரெடிதான். உனக்கில்ல."

"இது என்ன அநியாயம். நீதானே கூப்பிட்டுத் தாரேன்னு சொன்ன."

"சொன்னேன். இப்ப இல்லைன்னும் நான்தான் சொல்லுறேன். வந்தது வந்துட்ட, அந்தப் பின்னல் நூலைப் பிரிச்சு மேல சுத்து. முடிச்சு அத்தான் சொல்லித் தருவாரு, நீ போடு. ராட்டினம் விட்டுடாத."

"அத்தான், இவ என்ன சொல்றா?"

தொபியாஸ் ரீலை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் சுற்றுகளில் கடைசிப் பாதி மட்டும் கொஞ்சம் மேடும் பள்ளமுமாக இருந்தன. "மாப்ளே," என்றார், "நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு வண்டி எடுத்துட்டு வா. கல்லுக்கு இல்ல, சிமென்ட் தளத்துக்கு. நாற்காலி ஒண்ணு, குடை ஒண்ணு. உங்க அக்காளும் வருவா, வேண்டாம்னாலும் வருவா."

"வருவேன்தான்" என்றாள் ஹில்டா.

தொபியாஸ் அதன்பிறகு ஐந்து வருடம், அலை அடங்கிய நாட்களில், இடதுகையில் கம்பு பிடித்து மீன் பிடித்தார். ஆறாம் வருடம் ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்த தூக்கத்தில் இறந்தார்.